ஆளே நூலாகும்போது



சென்ற வாரம் ஏட்டுச்சுவடிகளைப் பேணிய பழைய நூல்நிலையங்களைப் பற்றிப் பேசினோம். இவ்வாரம் நான் எடுத்துக்கொண்ட நூல்நிலையத்தில் ஏடும் இல்லை; அச்சுப் புத்தகமும் இல்லை; அலுமாரிகூட இல்லை. சில கதிரைகள் மட்டும் உண்டு. அங்கே இரவல் கொடுக்கப்படுவது மனிதர். 'மனித நூலகம்' என்பது அதன் பெயர்.

இதைப் பற்றிப் பேசத் தூண்டிய சம்பவத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல்கலைக்கழக மாணவர் மூவர் அன்புவழிபுரத்திலுள்ள என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். ஒருத்தி தமிழ்ப் பிள்ளை. ஒருவர் மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் இளைஞர். மற்றவர் குருநாகலிலிருந்து இங்கு படிக்க வந்த சிங்கள மாணவி.

"சேர், எங்கட கம்பசில ஒரு மனித நூலகம் நடத்தப் போறம். உங்கட ஊரில புத்தகமா வரக்கூடிய ஆக்கள் இருந்தாச் சொல்லுங்கோ" என்றாள் தமிழ்ப் பிள்ளை.

முப்பது வருடம் படிப்பித்தவன் நான். அதிற் பாதிக் காலம் பாடசாலை நூலகத்தின் திறப்பும் என் கையில்தான் இருந்தது. அதனால் என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். அவர்கள் நீட்டிய தாளில், தேவையான 'நூல்களின்' பெயர்கள் வரிசையாக இருந்தன. 'காணாமற்போனவரின் தாய்', 'முன்னாள் போராளி', 'விதவை', 'சுனாமியில் பிள்ளையை இழந்தவர்'. வாசித்ததும் எனக்கு மனம் ஒருமாதிரியாகிவிட்டது. பிள்ளைகளின் நோக்கம் நல்லது, பட்டியல்தான் உறுத்தியது. ஏன் உறுத்தியது என்பதைச் சொல்வதற்கு, இந்த நூலகம் எங்கே எப்படித் தொடங்கியது என்பதைச் சற்று நோக்குவோம்.

இவ்வெண்ணம் பிறந்த நாடு டென்மார்க். 1993ஆம் ஆண்டு கொப்பன்ஹேகன் நகரில் ஓர் இளைஞர் கத்தியாற் குத்தப்பட்டார், உயிர் தப்பினார். அவருடைய நண்பர்கள் கூடி, 'வன்முறையை நிறுத்து' என்னும் பொருள்பட ஓர் இளைஞர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2000ஆம் ஆண்டில் றொஸ்கில்டே இசைவிழாவுக்காக அவ்வமைப்பினர் ஒரு புதுமுயற்சியில் இறங்கினர். றொனி ஆபெர்கெல், அவருடைய சகோதரர் டனி ஆகியோரும் தோழர் இருவரும் அதை முன்னின்று செய்தார்கள். நான்கு நாள், நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் நூலகம் திறந்திருந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட மனித நூல்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வாசகர்கள். பொலிஸ்காரரும் அங்கே நூல். சுவரிற் கிறுக்கிப் பொலிசாரிடம் அகப்படும் இளைஞரும் அங்கே நூல். எவரைக் கண்டால் நாம் ஒதுங்கிப் போவோமோ அவரையே இரவல் எடுத்து, அவர் முன் இருந்து, அவர் வாயாற் கேட்பது. இவ்வளவுதான் சங்கதி.

2005ஆம் ஆண்டில் ஐரோப்பிய மன்றம் இதற்கென வழிகாட்டி நூலொன்றை வெளியிட்டது. 2006இல் அவுஸ்திரேலியாவின் லிஸ்மோர் நகரில் நிரந்தரமான மனித நூலகம் ஒன்று தொடங்கியது. இன்று எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் இது நடைபெறுகிறது. நமது அயலிலே ஹைதராபாத், மும்பை, டில்லி ஆகிய நகரங்களிலும் நடந்திருக்கிறது.

முன்பின் தெரியாத இருவர் அரை மணித்தியாலம் பேசினால் தப்பெண்ணம் போய்விடுமா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் தப்பெண்ணத்தின் இயல்பு பற்றி ஒரு நூல் எழுதினார். வெவ்வேறு கூட்டத்தார் அருகருகே இருப்பதனால் மட்டும் பகை குறையாது என்பது அவர் கருத்து. அதற்கு நான்கு நிபந்தனைகளைச் சொன்னார். சந்திப்பவர்கள் அந்த இடத்திலாவது சமநிலையில் இருக்கவேண்டும், பொதுவான ஒரு நோக்கம் வேண்டும், போட்டியின்றி ஒத்துழைக்கவேண்டும், அதற்கு நிறுவனத்தின் ஆதரவும் இருக்கவேண்டும்.

நமது பல்கலைக்கழகங்களை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். மாவட்ட ஒதுக்கீட்டினால் நாட்டின் எல்லாப் பகுதிப் பிள்ளைகளும் ஒரே வளாகத்துக்கு வருகிறார்கள். ஆயினும் சாப்பாட்டு மேசையில் அவரவர் மொழிக்காரர் அவரவரோடு. திருகோணமலை மாவட்டமும் அப்படித்தான். 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் என்ற மூன்று சமூகத்தில் எதுவும் இங்கே பாதிக்கு மேல் இல்லை. ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம். மீனின் விலைக்கு அப்பால் எதைக் கேட்டிருக்கிறோம்? ஆகவே இப்படி ஒரு நூலகம் நடத்துவதற்குப் பல்கலைக்கழகம் தகுந்த இடம் என்பதில் எனக்கு ஐயமில்லை. நடத்தும் விதத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

இனி அப்பட்டியலுக்கு வருகிறேன். முதலாவதாக எழுதியிருந்த 'காணாமற்போனவரின் தாய்' எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார். எனக்கு மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாணவர்களை இருத்திவிட்டு அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

"தம்பி, நான் எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டன். படிவம் நிரப்பியாச்சு, போட்டோ குடுத்தாச்சு. கொமிஷன் எண்டு வந்தவையும் கேட்டவை, ஆராய்ச்சி எண்டு வந்த பிள்ளையளும் கேட்டவை. எல்லாரும் எடுத்துக்கொண்டு போனவை. ஒருத்தரும் திருப்பித் தரேல்ல."

நூலகம் பார்த்த எனக்கு அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்றது. இரவல் என்றால் திருப்பிக் கொடுப்பது. வாங்கினவர் வாங்கியபடியே திருப்பித் தரவேண்டும். ஒற்றையைக் கிழிக்கக்கூடாது, ஓரத்தில் எழுதக்கூடாது. இந்த விதியைச் சின்னப் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! மனித நூலகத்துக்கும் முதல் விதி அதுவே என்று ஐரோப்பிய வழிகாட்டிகள் சொல்லுகின்றன. நூலை வாங்கிய நிலையிலேயே ஒப்படைக்கவேண்டும். விரும்பாத கேள்விக்கு விடை சொல்லாதிருக்க நூலுக்கு உரிமை உண்டு. மனம் ஒவ்வாதபோது எழுந்து போகவும் உரிமை உண்டு.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களை அடுத்துக் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அங்கே கேள்வி என்றால் செவிகொடுத்துக் கேட்டல். இன்று நாம் கேள்வி என்று சொல்வது வினாவை. ஒரே சொல்லுக்குள் இரண்டு காரியமும் இருக்கின்றன. 2009இல் போர் முடிந்தபின் இந்த நாட்டில் எத்தனையோ ஆணைக்குழுக்கள் அமர்ந்தன, வினாக்கள் பெருகின. விசாரணைக்கு வினா தேவை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரை மணித்தியாலம் இரவல் எடுத்தவர் செய்யவேண்டியது விசாரணை அன்று. அவர் வள்ளுவர் சொன்ன கேள்வியைச் செய்யவேண்டும். ஒரு மனித நூலகம் சிறப்பதும் கெடுவதும் இந்த ஓர் இடத்திலேதான் என்பது என் எண்ணம்.

வேறொரு மயக்கத்தையும் தெளிவாக்க வேண்டும். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த நினைவு உள்ள நமக்கு, எதைக் கண்டாலும் பதிந்து வைத்துவிடவேண்டும் என்ற பதைப்பு இயல்பு. நூலகம் நிறுவனத்தார் 2005ஆம் ஆண்டு முதல் நமது நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றிக் காப்பது அந்தப் பதைப்பின் நற்பயன். மூத்தோர் கதைகளை வாய்மொழி வரலாறாகப் பதிவதும் வேண்டிய பணியே. ஆனால் மனித நூலகம் பதிவகம் அன்று. இங்கே ஒலிப்பதிவு இல்லை. படம் பிடித்தல் இல்லை. பேச்சு முடிந்தால், கேட்டவர் மனத்தில் தங்கியதே மிச்சம். பதிவு வேண்டுமாயின் அதை வேறொரு நாள், வேறொரு சம்மதத்தோடு செய்யவேண்டும்.

மாணவர்களுக்கு நான் சொன்ன ஒழுங்குகளை இனி வரிசையாகச் சொல்கிறேன். வேறு இடங்களில் இதைச் செய்ய விரும்புவோருக்கும் உதவும்.

முதலாவது, அனுமதி. 'மனித நூலகம்' என்னும் பெயர் டென்மார்க்கில் உள்ள தாய் அமைப்புக்கு உரியது. அப்பெயரில் நடத்துவதானால் அவர்களுக்கு எழுதி உடன்பாடு பெறவேண்டும். பல்கலைக்கழக நிருவாகத்தின் அனுமதியும் எழுத்தில் வேண்டும். திகதியைப் பார்த்துக் குறியுங்கள். பரீட்சைக் காலமும் போயா தினமும் உதவா. வெள்ளிக்கிழமையானால் ஜும்ஆ நேரத்தை விலக்குங்கள்.

இரண்டாவது, தொகை. முதன்முறைக்குப் பத்து நூல் போதும். பத்தும் ஒரே துயரத்தைச் சொல்லலாகாது. போரால் வந்த துன்பம் நம்மிடம் நிறைய உண்டு. ஆனால் அது ஒன்றுதானா நம்மிடம் உள்ளது? சக்கர நாற்காலியில் இருந்து கணக்கியல் படித்தவர், மலையகத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர், கிழக்குக் கரையோர வேடர் வழியில் வந்தவர், 2006இல் இடம்பெயர்ந்து ஏறத்தாழப் பத்து வருடத்தின்பின் சம்பூருக்கு மீண்டவர், கடலுக்குப் போகும் சிங்கள மீனவர், சித்த வைத்தியர், சந்தியில் முச்சக்கரவண்டி ஓட்டுபவர் என்று பலரும் வரட்டும். யாரைப் பற்றி நாம் கேளாமலே முடிவு கட்டி வைத்திருக்கிறோமோ அவர்தான் நல்ல நூல்.

மூன்றாவது, சமநிலை. டென்மார்க்கில் பொலிஸ்காரர் நூலாக இருந்தார் என்றேன். அதைப் பார்த்து நாமும் சீருடையோடு ஒருவரை இருத்தலாமா? தடுப்புக்காவலில் இருந்துவந்த ஒருவர் அதே மண்டபத்தில் நூலாக இருந்தால், அவருக்கு வாய் திறக்குமா? ஆல்போர்ட் சொன்ன முதல் நிபந்தனை அங்கேயே உடைந்துவிடும். இருவரும் வரலாம்; சீருடை வரக்கூடாது, இரண்டு பேருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும், ஒருவருக்கு மனமில்லையென்றால் வேறு நாள்.

நான்காவது, தலைப்பு. நூலின் பெயரை நூல்தான் ஒப்பவேண்டும். பட்டியலிலே தலைப்பையும், அதன்கீழ் ஊரார் அவரைப் பற்றிச் சொல்லும் இரண்டொரு தப்பெண்ணத்தையும் எழுதுவது வழக்கம். ஒருவரைக் கேளாமல் 'விதவை' என்று அட்டை போட்டால், எந்த வசையை நீக்க வந்தோமோ அதையே அச்சடித்துக் கொடுத்தவர்களாவோம்.

ஐந்தாவது, ஆயத்தம். நூல்களாக வருவோரை ஒரு வாரத்துக்கு முன் கூட்டி இருத்திப் பேசவேண்டும். எதைச் சொல்வீர்கள், எதைச் சொல்லமாட்டீர்கள் என்று அவர்களே தீர்மானிக்கட்டும். ஆறாத காயத்தோடு இருப்பவரை நூலாக்குவது தகாது. பேசும்போது அவர் உடைந்து போனால் தாங்குவதற்கு அங்கே யார் இருக்கிறார் என்பதையும் முன்னரே யோசிக்கவேண்டும்.

ஆறாவது, மொழி. இது நமக்குத் தலையாய விஷயம். 1956இல் ஒரு மொழியை மட்டும் அரச மொழியாக்கினார்கள். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழியாயிற்று. சட்டப் புத்தகத்தில் இருக்கும் மொழி, கதிரைக்கும் கதிரைக்கும் இடையே இருக்கவேண்டாமா? ஐரோப்பிய வழிகாட்டி நூலில், இரண்டு மொழிக்காரருக்கு நடுவே இருந்து பெயர்த்துச் சொல்பவருக்கு 'அகராதி' என்று பெயர். அழகான பெயர். அகராதி தன் கதையைச் சொல்வதில்லை. சொல்லைக் கூட்டுவதில்லை, குறைப்பதுமில்லை. இரு மொழியும் தெரிந்த மாணவர் நால்வரையாவது பழக்கி வையுங்கள்.

ஏழாவது, அன்றைய நாள். ஓர் இரவல் அரை மணித்தியாலம். ஒரு நூலுக்கு ஒரே நேரத்தில் வாசகர் ஒருவர், கூடினால் நால்வர். வாசலில் ஒரு மேசை. அங்கே நூலகராக இருக்கும் மாணவர் வாசகருக்கு அட்டை கொடுத்து, விதிகளை வாசித்துக் காட்டவேண்டும். கைத்தொலைபேசி மேசையிலேயே இருக்கட்டும். நூல்கள் ஓய்ந்திருக்கத் தனி அறையும், தேநீரும், சாப்பாடும், வந்துபோகும் செலவும் கொடுக்கவேண்டும். ஒரு நூலை நாளுக்கு நான்கு தரத்துக்கு மேல் இரவல் கொடாதீர்கள். விரிவுரையாளரும் மாணவரோடு வரிசையில் நின்றுதான் அட்டை எடுக்கவேண்டும். மண்டபம் வெறுமையாய்க் கிடக்கிறதே என்று மூத்த மாணவர் புதியவர்களைக் கட்டாயப்படுத்தி அனுப்பக்கூடாது. பகிடிவதையைத் தடுக்க 1998இல் சட்டம் வந்த நாட்டில் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

எட்டாவது, முடிந்தபின். வாசகர் போனவுடன் நூல்களைத் தனியே இருத்தி, எப்படி இருந்தது என்று கேளுங்கள். மூன்று நாள் கழித்து மீண்டும் ஒருமுறை போய்ப் பாருங்கள். திருப்பி வைத்த புத்தகத்தைத் திறந்து பார்க்காத நூலகர் நூலகரல்லர்.

இவ்வளவையும் கேட்டு எழுதிக்கொண்ட பிள்ளைகள், "சேர், ஒருக்காச் செய்து பாப்பமா?" என்றார்கள். அப்படித்தான் அடுத்த ஞாயிறு என் வீட்டு விறாந்தையில் ஒத்திகை நடந்தது. சந்தியில் முச்சக்கரவண்டி ஓட்டும் ஒருவர் நூலாக வந்தார். அவர் 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசையைப் பற்றித் தொடங்கினார். அரை மணி முக்கால் மணியாயிற்று. வாசகர் வாய் திறக்கவே இடமில்லை. நூலும் மேடைப் பேச்சாளராகிவிடக்கூடாது என்பதை அன்று எல்லோரும் கற்றுக்கொண்டோம். அவருக்கே சிரிப்பு.

அக்காவை நான் மறுபடி கூப்பிடவில்லை. அவராகவே வந்தார். "புத்தகத்துக்கு என்ன பேர் எண்டாலும் வைக்கலாமோ தம்பி?" என்று கேட்டார். வைக்கலாம் என்றேன். "அப்ப, மூண்டு மணிக்கு எழும்பிறவ எண்டு போடுங்கோ." விடியற்காலம் மூன்று மணிக்கு எழும்பி, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவிப்பவர் அவர். தாளில் முதலில் இருந்த பெயரை வெட்டிவிட்டு, தமிழ்ப் பிள்ளை அந்தப் பெயரை எழுதினாள்.

அவரை இரவல் எடுத்தவள் குருநாகல் மாணவி. மூதூர் இளைஞர் அகராதி. மா வறுப்பது, மழைநாளில் விறகு பிடியாமல் இருப்பது, கடைக்காரர் காசு இழுத்தடிப்பது என்று பேச்சுப் போயிற்று. நடுவே அந்தப் பிள்ளை, "மிஞ்சிற இடியப்பம் வீட்டில ஆருக்கு?" என்று கேட்டாள். இளைஞர் அதைத் தமிழிற் சொன்னார். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பக்கம் இண்டைக்கு வேண்டாம் பிள்ளை" என்றார். அகராதி அதை அப்படியே சொன்னார். ஒரு சொல்லும் கூட்டவில்லை. மாணவி தலையசைத்தாள். சற்றுப் பொறுத்து, விறகு என்ன விலை என்று கேட்டாள்.

அன்று மாலை அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு போகையில் என் படலையில் நின்று சொன்னார்: "அந்தப் பிள்ளை கேட்டுது. நான் வேண்டாமெண்டன். விட்டிட்டுது. அப்பிடி ஒருத்தரும் விட்டதில்லைத் தம்பி."

இதை வானொலியிற் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். இவ்வளவு சொல்லலாம் என்றார். அதற்கு மேல் இங்கே நான் சொல்லப்போவதில்லை.

பல்கலைக்கழக நிகழ்ச்சி இனித்தான் நடக்க இருக்கிறது. மாணவர்களின் புதிய பட்டியலில் ஒன்பது தலைப்புகள் இருக்கின்றன. ஒன்பதும் அவரவர் ஒப்பிய பெயர்கள். பத்தாவது இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அக்கா வருவாரா என்று என்னைக் கேட்டார்கள். அதை அவர்தான் சொல்லவேண்டும், அவராகச் சொல்லும்வரை இடத்தை வைத்திருங்கள் என்றேன்.

நேயர்களே, உங்கள் ஒழுங்கையிலும் நீங்கள் அட்டையை மட்டும் பார்த்து வைத்துவிட்ட ஒருவர் இருப்பார். மண்டபமும் அட்டையும் பட்டியலும் இல்லாமலே அவரிடம் போய் இருக்கலாம். அவர் சொல்வதைக் கேளுங்கள், சொல்லாததை விட்டுவிடுங்கள்.